குற்றாலத்தில் கோமதி ஜெயித்த நாள்

சென்ற வெள்ளிக்கிழமை, வீட்டு ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிப் போயிருந்த நேரத்தில், கோமதி டீச்சரின் மகள் வள்ளி தொலைபேசியில் அழைத்தாள். "மெஹர் சித்தி, அம்மா போயிட்டா. காலையில காப்பி குடிச்சா, டம்ளரைக் கீழே வச்சா, நாற்காலியில சாஞ்சா. அவ்வளவுதான்" என்றாள். கடைசியாக ஏதாவது பேசினாரா என்று கேட்டேன். "சீனி காணாதுன்னு சொன்னா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுமுனையில் அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

தொண்ணூறு வயதைத் தொட்டவர். யாரையும் படுத்தாமல், தானும் படுக்காமல் போயிருக்கிறார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் தென்காசியில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவரிடம் பூகோளம் படித்தவர்கள். இன்று அவர்களே பேரன் பேத்தி எடுத்தவர்கள். அவர்களில் பலரும் என்னைத் தனியே இழுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "டீச்சர் குற்றாலத்துல டென்னிஸ்ல கப்பு வாங்கினது நெசந்தானா?" அந்தக் கதை ஊரில் பல விதமாக உலவுகிறது. ஒரு வெள்ளைக்காரியைத் தோற்கடித்ததாக ஒருத்தி சொன்னாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆடினார் என்றாள் இன்னொருத்தி. வெள்ளைக்காரி யாரும் இல்லை. குழந்தை இடுப்பில் இருந்தது உண்மை. ஆனால் அந்த இடுப்பு என்னுடையது. காலையில் முதல் பந்து விழுந்ததிலிருந்து சாயங்காலம் கோப்பையைத் தூக்கும்வரை மைதான ஓரத்தில் இருந்தவள் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி அவரை அறிந்தவர்களுக்குச் சொல்லிவிட நினைக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அந்தப் பள்ளியில் தமிழாசிரியையாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கோமதி டீச்சர் எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். மதராஸில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தபோது டென்னிஸ் கற்று, கல்லூரிக்காக ஆடியவர். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபோது துணிமணிகளோடு மட்டையையும் கொண்டுவந்தார். அது பரண்மேல் ஏறியது. கணவர் சங்கரன் வக்கீல், மனைவி சொன்னால் மறுத்துப் பேசமாட்டார். அம்மா சொன்னாலும் மறுத்துப் பேசமாட்டார். அதனால் வீட்டில் நடப்பதெல்லாம் அம்மா சொல்வதாகவே இருந்தது.

அந்த அம்மா பேச்சியம்மாள் ஆச்சி ஆலங்குளத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். இளவயதிலேயே கணவரை இழந்து, வயலையும் கிணற்றையும் தானே நின்று பார்த்தவர். மருமகள் வேலைக்குப் போவதில் அவருக்குப் பெருமைதான். "எங்க வீட்டுல டீச்சர் இருக்கா" என்று கடைத்தெருவில் சொல்லுவார். ஆனால் ஒருமுறை டென்னிஸ் என்ற பேச்சு வந்தபோது, "புள்ள பெத்தவ பந்து பின்னால ஓடுதது நல்லாவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

எழாத பேச்சு பள்ளிக்கூடத்தின் பின்புறம் நடந்தது. இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, கயிற்றில் பழைய புடவையைத் தொங்கவிட்டு, பள்ளி விட்ட பிறகு ஆடுவார். வக்கீல் கோர்ட்டிலிருந்து நேரே வந்து கறுப்புக் கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு எதிர்ப்பக்கம் நிற்பார். அவருக்கு ஆடத் தெரியாது. பந்தை எறியத் தெரியும். எனக்கு எறியவும் தெரியாது, பொறுக்கத் தெரியும். சாரல் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. "மழை மலையைத் தாண்டி நம்ம பக்கம் வரதுக்கு என்ன பாடு படுது. வந்ததும் நாம உள்ள ஓடி ஒளிஞ்சா அதுக்கு எப்படி இருக்கும்?" என்பார். வகுப்பில் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றிச் சொல்லும்போதும் இதே வாக்கியம் வரும். கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

குற்றாலத்தில் செம்மண் தரை போட்ட ஒரு கிளப்பில் ஆண்டுதோறும் சீசனில் டென்னிஸ் போட்டி நடக்கும். அந்த வருஷம் முதல்முறையாகப் பெண்களுக்கும் ஒரு பிரிவு என்று அறிவித்தார்கள். அம்மாவுக்குத் தெரியாமல் மனைவியின் பெயரைக் கொடுத்தவர் வக்கீல்தான். அவர் வாழ்க்கையில் செய்த துணிச்சலான காரியம் அது ஒன்றுதான் என்று டீச்சர் பிற்காலத்தில் கேலி செய்வார். போட்டி நடக்கவேண்டிய நாட்களில் சாரல் விடாமல் பெய்தது. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் எல்லாச் சுற்றுகளையும் முடித்துவிடுவதென்று கிளப்பில் தீர்மானித்தார்கள்.

வள்ளிக்கு அப்போது ஒரு வயது நிரம்பவில்லை. "மெஹர், நீ ஆட்டம் பார்க்க வரவேண்டாம். வள்ளியைப் பார்க்க வா" என்றார் டீச்சர். என் அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், கேட்டேன். "கோமதி டீச்சர் கூடன்னா போயிட்டு வாம்மா" என்றார். ஆச்சியிடம் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் குற்றாலத்துக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லப்பட்டது. போனோம். எங்களோடு நாலைந்து டீச்சர்மாரும் வந்தார்கள். மட்டை, வக்கீலின் கோட்டுக்குள் ஒளிந்து முந்தின பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று காலை மலைமுகட்டில் மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. மைதானத்தில் தேங்கியிருந்த தண்ணீரைச் சாக்கு போட்டு ஒற்றி எடுத்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சாமியானா பந்தலில் கிளப்காரர்களுக்கும் வெளியூர்ப் பெரிய மனிதர்களுக்கும் பிரம்பு நாற்காலிகள். எதிர்ப்பக்கம் பெண்களுக்கென்று ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். செம்பருத்தி வேலிக்கு அப்பால், அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்த கூட்டம். பந்தல் கம்பின்மேல் ஒரு குரங்குக் குடும்பம் உட்கார்ந்து, மங்குஸ்தான் விற்பவனின் கூடையையும் ஆட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

டீச்சர் வெள்ளை நூல்புடவையைச் சற்று ஏற்றிக் கட்டி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு இறங்கினார். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். முதல் ஆட்டம் மதுரையிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு. வேப்பமரத்தடியில் பார்த்த டீச்சரா இவர் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பந்து வரும் இடத்துக்கு முன்பே போய் நின்றுகொண்டிருந்தார். வள்ளி கண் விழிக்கும் முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. சிரித்தவர்கள் இப்போது வேலியை விலக்கிக்கொண்டு நன்றாகப் பார்க்க இடம் தேடினார்கள்.

அரையிறுதிதான் சங்கடமானது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலைத்தோட்டத்து அதிகாரி ஒருவரின் மனைவி, குரியன் அம்மா என்று சொன்னார்கள், எதிரே ஆடினார். நாற்பது வயதிருக்கும். அதிகம் ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே பந்தை மூலைக்கு அனுப்பும் வித்தை தெரிந்தவர். முதல் செட்டை டீச்சர் ஜெயித்து, இரண்டாவது செட்டிலும் முன்னால் இருந்தபோது வள்ளி அழ ஆரம்பித்தாள். கூழ் கொடுத்தேன், துப்பினாள். வேலிக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு நடந்தேன். அங்கிருந்தும் அழுகை மைதானத்துக்குக் கேட்டது. அதற்குப் பிறகு டீச்சர் அடித்த பந்தெல்லாம் வலையில் விழுந்தது. கண் ஆட்டத்தில் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கேம்களை விட்டார்.

நடுவராக உயரமான மேடையில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ராணுவ அதிகாரி. குழந்தையிடம் போய்வர டீச்சர் அனுமதி கேட்டதற்கு, நடுவில் போக விதி கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்போது குரியன் அம்மா மட்டையைக் கீழே வைத்துவிட்டு மேடையருகே போனார். "சாரே, குஞ்ஞு கரையுன்னு. அம்மைக்கு எங்ஙனே களிக்கான் பற்றும்?" என்றார். குழந்தை அழும்போது தாயால் எப்படி ஆட முடியும் என்ற அந்த மலையாளக் கேள்வி எங்கள் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் புரிந்தது. அதிகாரிக்குப் புரிந்ததோ என்னவோ, "எனக்கும் கால் வலிக்குது. நான் உக்காரணும்" என்று தமிழிலும் சொல்லிவிட்டு குரியன் அம்மா தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். எதிராளி உட்கார்ந்துவிட்டால் யாரோடு ஆடுவது? டீச்சர் ஓடி வந்தார். ஜமுக்காளத்தில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்தார். வியர்வை வழிந்துகொண்டிருந்த அந்த முகம் வள்ளியைக் குனிந்து பார்த்து, "உனக்கு வேற நேரமே கிடைக்கலையாட்டி?" என்று கேட்டதை நான் மறக்கமாட்டேன். திரும்பிப் போனவர் அந்த செட்டை விட்டாலும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டார். தோற்ற குரியன் அம்மா வலையைத் தாண்டி வந்து அவரைக் கட்டிக்கொண்டதும் வேலிக்கு அப்பால் எழுந்த கைதட்டல், இரண்டு பேருக்குமானது.

இத்துடன் எல்லாம் சுபமாகப் போயிருக்கும். ஆனால் சாயங்காலம் இறுதி ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்க்க, கிளப்காரர்கள் ஒலிபெருக்கி கட்டிய காரைத் தென்காசிக்கு அனுப்பினார்கள். "பெண்கள் இறுதிப் போட்டியில் நமது தென்காசி ஆசிரியை திருமதி கோமதி சங்கரன் ஆடுகிறார், காணத் தவறாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கார் ரத வீதிகளைச் சுற்றி, வக்கீல் வீட்டு வாசலையும் கடந்து போனது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

இறுதி ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குதிரை வண்டி ஒன்று வேலியோரம் வந்து நின்றது. பேச்சியம்மாள் ஆச்சி இறங்கினார். பிரம்பு நாற்காலியில் இருந்த வக்கீல் அம்மாவைப் பார்த்தார். அடுத்த கணம் நாற்காலி காலியாக இருந்தது. ஆச்சி நேரே என்னிடம் வந்தார்.

"ஏ புள்ள, எங்கன அவன்?"

"தெரியலையே ஆச்சி."

"புள்ளையையும் தூக்கிட்டு வந்து ஊரு முன்னால பந்தடிக்குதாளா? கூப்பிடு அவளை."

"ஆட்டம் ஆரம்பிச்சாச்சு ஆச்சி. நடுவுல கூப்பிட விடமாட்டாங்க."

"அப்ப முடியட்டும். இங்கனதான் உக்காந்திருப்பேன். முடிஞ்ச உடனே வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மைதானத்திலிருந்து டீச்சர் மாமியாரைப் பார்த்துவிட்டார். அடுத்து அவர் போட்ட இரண்டு சர்வீஸும் வலையில் போய் விழுந்தன. எதிரே ஆடிய ஷீலா மதராஸிலிருந்து குடும்பத்தோடு சீசனுக்கு வந்திருந்த பெண். இருபது வயது. முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளைப் பாவாடை, மான்போல ஓட்டம். பந்தை ஒரு முறை கோட்டோரம் அடிப்பாள். மறுமுறை வலைக்கருகே மெல்லத் தட்டிவிடுவாள். முன்னும் பின்னும் ஓடி ஓடி, இரண்டு ஆட்டங்களின் செம்மண் சேறு ஏறிக் கனத்திருந்த டீச்சரின் புடவை காலைச் சுற்றியது. ஒரு தடவை தடுக்கி, கையை ஊன்றி எழுந்தார். ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆட வேண்டிய நிலை.

ஆச்சி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமலே கேட்டார். "எதுக்கு ரெண்டு பேரும் அங்கயும் இங்கயுமா இடம் மாறுதாக?"

"வெயிலும் காத்தும் ரெண்டு பேருக்கும் சமமா இருக்கணும்னு ஆச்சி."

"நியாயந்தான்" என்றார். பிறகு கண்ணை எடுக்கவில்லை.

முதல் செட்டை ஷீலா சுலபமாக எடுத்துக்கொண்டாள். ஆடியவர்கள் இருவரும் ஓய்வுக்கு ஒதுங்கிய அந்த அமைதியில், சாமியானாவிலிருந்து ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எங்கள் பக்கம் வரை கேட்டது. "சமையல்கட்டிலேர்ந்து நேரா வந்துட்டாங்க போல. புடவையைப் பிடிக்கிறதா, பந்தைப் பிடிக்கிறதா?" நாற்காலிகளில் சிரிப்பு ஓடியது.

ஆச்சி எழுந்தார். ஜமுக்காளத்தின் விளிம்பில் நின்று, ஆட்டுக்கூட்டத்தை விரட்டும் குரலில் எதிர்ப் பந்தலைப் பார்த்துச் சொன்னார்: "ஏய்யா, அவ என் மருமவ. அவளை ஏசணும்னா நான் ஏசுதேன். நீரு யாரு?"

ஆச்சி என் பக்கம் திரும்பினார். "புள்ள, அந்த ஜமுக்காளத்தை எடு. டீச்சர்மாரெல்லாம் வாங்க" என்றார். சொன்னதைச் செய்வதைத் தவிர வேறு எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை. டீச்சரைச் சுற்றி ஜமுக்காளத்தைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் ஒரு கையில் வள்ளியும் மறு கையில் ஜமுக்காள நுனியுமாக நின்றேன். உள்ளிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

"அத்தை, வீட்டுக்குப் போயிரலாம்."

"ஏட்டி, பாதியில எந்திரிச்சுப் போறதுக்கா இம்புட்டு தூரம் வந்தே? தெருத்தெருவா மைக்குல உன் பேரைச் சொல்லியாச்சு. இனி தோத்துட்டு வந்தா நான் எப்படிக் கடைத்தெருவுல நடப்பேன்? நேரா நில்லு. கையைத் தூக்கு."

நாற்று நடும் பெண்கள் வயலில் இறங்கும்போது கட்டுவதுபோல், கொசுவத்தைக் கால்களுக்கு இடையில் கொடுத்துப் பின்னால் இழுத்து, தார்ப்பாய்ச்சி கட்டிவிட்டார் ஆச்சி. தானே வயலில் இறங்கி வேலை பார்த்த காலத்தில் அப்படிக் கட்டியவர்தான் அவர். முந்தானையை மடித்து இடுப்பைச் சுற்றி முடிந்தார். அப்போது திரைக்கு வெளியே, "ஊக்கு வேணுமா?" என்று ஒரு குரல் கேட்டது. ஷீலா. தன் பையிலிருந்த ஊக்குகளை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு நின்றாள். பந்தலில் அப்படிப் பேசியது அவள் வீட்டுக்காரர்களில் ஒருவர்தான் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆச்சி ஊக்குகளை வாங்கிக்கொண்டு, "நல்ல புள்ளையா இருக்கியே தாயி. ஆனா நீ தோக்கணும்" என்றார். ஷீலா சிரித்துவிட்டாள்.

திரை விலகியது. வெளியே வந்த டீச்சர் இரண்டு முறை குதித்துப் பார்த்தார். மூலைக்கு ஓடித் திரும்பினார். எதுவும் தடுக்கவில்லை. ஆச்சி என்னிடம் கையை நீட்டினார். "புள்ளையை இங்கன கொடு. நீ பேசாம ஆட்டத்தைப் பாரு." காலையிலிருந்து முதல்முறையாக என் இரண்டு கைகளும் சும்மா இருந்தன.

இரண்டாவது செட்டில் ஆடியது வேறு ஆள். ஷீலா வலைக்கருகே தட்டிய பந்தை ஓடிப்போய் எடுத்தார். கோட்டோரம் போன பந்தைத் துரத்திப் பிடித்தார். அந்த ஓட்டத்தைப் பார்த்த வேலியோரக் கூட்டம் "டீச்சர்! டீச்சர்!" என்று கத்த ஆரம்பித்தது. தென்காசியிலிருந்து கார் ஒலிபெருக்கியைக் கேட்டு வந்தவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கே வந்துகொண்டிருந்தார்கள். கடைக்காரர்கள், நெசவு வீட்டுக்காரர்கள், எங்கள் பள்ளிப் பெண்கள், அவர்களைப் பெற்றவர்கள். செட் டீச்சருக்கு வந்தது. வக்கீல் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்து கைதட்டினார்.

மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போனது. ஒரு கேம் இவர், ஒரு கேம் அவள். ஐந்துக்கு நான்கு, இன்னும் ஒரு கேம் எடுத்தால் கோப்பை என்று டீச்சர் முன்னால் இருந்தபோது மலையிலிருந்து மேகம் இறங்கியது. சாரல் விழ ஆரம்பித்தது. நடுவர் எழுந்து நின்று, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மறுநாள் திங்கட்கிழமை, பள்ளிக்கூடம். அதைவிட, இந்த நாள் இன்னொரு முறை அமையுமா? டீச்சர் எதிரே நின்ற ஷீலாவைப் பார்த்தார். ஷீலாவுக்கு நாளை வசதியானது. ஓய்வெடுத்துக் காய்ந்த தரையில் ஆடினால் இளங்கால்கள் ஜெயித்துவிடும். அவள் நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்துவிட்டு, "இப்பவே ஆடலாம் சார். இவ்வளவு பேர் நனைஞ்சுகிட்டு நிக்கிறாங்க" என்றாள். உண்மைதான். ஒருவர்கூட ஒதுங்கவில்லை.

டீச்சர் சர்வீஸ். நனைந்த பந்து கனத்து, விழுந்த இடத்திலிருந்து எழும்பவில்லை. சமநிலை. அதன்பின் அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுத்தால்தான் கேம். டீச்சருக்கு ஒரு புள்ளி, மறுபடி சமநிலை. மறுபடி டீச்சருக்கு, மறுபடி சமநிலை. ஜெயிப்பதற்கு ஒரே ஒரு பந்து இருந்த இரண்டு சமயமும் கைநழுவிப்போனது. அந்த இரண்டாவது முறை டீச்சர் முழங்காலில் கையை ஊன்றித் தலையைக் குனிந்து நின்றுவிட்டார். காலையிலிருந்து மூன்று ஆட்டம். நடுவில் பால் கொடுத்திருக்கிறார். நிமிரவே தெம்பில்லை என்பது தெரிந்தது. கூட்டமும் அடங்கிவிட்டது.

நான் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்குத் தெரியாது. முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. "கோமதீ! விடாதே!" என்று கத்திவிட்டேன். அக்கா இல்லை, டீச்சர் இல்லை. என் வாழ்நாளில் நாலு பேர் நடுவில் நான் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. ஆண்கள் பக்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. டீச்சரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, அந்தக் களைப்பிலும், வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்த முகத்தோடுதான் அடுத்த இரண்டு புள்ளிகளையும் ஆடினார். முதலாவது ஷீலாவின் மட்டையில் பட்டு வெளியே போனது. கடைசிப் பந்து இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருந்தது. ஷீலா ஆழமாக அடித்துவிட்டு மைதானத்தின் பின்கோட்டில் காத்திருந்தாள். டீச்சர் பலமாக அடிக்கப்போகிறவர்போல மட்டையை ஓங்கி, கடைசிக் கணத்தில் மெல்லத் தொட்டார். பந்து வலையின் மேல் நாடாவை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது. காய்ந்த தரையாக இருந்தால் எழும்பியிருக்கும். வேப்பமரத்தடியில் எத்தனை சாரல் நாட்களில் அந்தப் பந்தைப் பொறுக்கியிருக்கிறேன்! அது எழும்பாது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். ஷீலா பாய்ந்து வந்து சேர்வதற்குள் அது செம்மண்ணில் புதைந்து கிடந்தது.

வேலி என்று ஒன்று அதன் பிறகு இல்லை. செம்பருத்திச் செடிகளை மிதித்துக்கொண்டு தென்காசியே உள்ளே வந்துவிட்டது. குரியன் அம்மா குடையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கைதட்டினார். ஷீலா வலையைத் தாண்டி வந்து டீச்சரின் கையைப் பிடித்து உயரத் தூக்கினாள். கோப்பையைக் கொடுத்த பெரியவர் ஆங்கிலத்தில் ஏதோ பேசினார். கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் அதை நேரே கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தார். ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள எத்தனை படி பிடிக்கும்?" என்று கேட்டார். பிறகு வள்ளியை அதற்குள் உட்காரவைக்கப் பார்த்தார். கால் மட்டும்தான் நுழைந்தது.

குதிரை வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போவதாகச் சொன்னவர், வண்டியை ஐந்தருவிக்கு விடச் சொன்னார். "சேத்தோடயா வீட்டுக்குள்ள வருவா?" என்றார். சாரல் நின்று மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பெண்கள் பக்கத்தில் எல்லாரும் சேலையோடு அருவியில் நின்றோம். டீச்சரின் உடம்பிலிருந்து செந்நீராக வழிந்து, வெளுத்து, தெளிந்தது. ஆச்சி அவர் தலையைப் பிடித்து அருவிக்குள் தள்ளித் தள்ளிக் குளிப்பாட்டினார். அருவிச் சத்தத்தை மீறி டீச்சர் என் காதருகே வந்து கத்தினார்.

"எல்லார் முன்னாலயும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டியே!"

"தெரியாம வந்துட்டுது அக்கா…"

"இனிமே அப்படியே கூப்பிடு. எனக்கு இந்த ஊருல மருமவன்னு பேரு, டீச்சர்ன்னு பேரு, வக்கீல் வீட்டம்மான்னு பேரு. அவர் என்னடான்னா 'இங்க பாரு'ங்கார். ஒருத்தியாவது கோமதின்னு கூப்பிடு."

அன்றிலிருந்து அவர் எனக்குக் கோமதி. அவள்.

அடுத்த கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்துப் பின்புறம் பேச்சியம்மாள் ஆச்சி வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டினார். தன் மாடுகளைப் பூட்டி உருளை இழுக்கச் செய்தார். "பந்து ஆடுத இடம் சமமா இருக்கணும். காத்தும் வெயிலும் மட்டும் சமமா இருந்தாப் போதுமா?" என்று எங்களுக்கே விளக்கினார். அந்தத் தரையில் ஆடிய பெண்களில் சிலர் மாவட்டப் போட்டி வரை போனார்கள். சிலர் பிறகு போலீஸில் சேர்ந்தார்கள். பரீட்சையில் தோற்று அழுத ஒரு பெண்ணைக் கோமதி அந்த மைதானத்துக்குக் கூட்டிப்போய், மட்டையைக் கையில் கொடுத்து, அவள் முகம் மாறும்வரை பந்து போட்டுக்கொண்டே இருந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். "போன பந்து போச்சுட்டி. வார பந்தைப் பாரு" என்றாள். அவளிடம் படித்த யாரைக் கேட்டாலும் இந்த வார்த்தையைச் சொல்வார்கள்.

ஆச்சி போய்ப் பல காலம் ஆயிற்று. வக்கீலும் போய்விட்டார். வெள்ளிக்கிழமை நான் போனபோது கூடம் நிறைய ஆட்கள். அம்மா என்று அழுதார்கள், பேரப்பிள்ளைகள் ஆச்சி என்று அழுதார்கள், டீச்சர் என்று அழுதார்கள். நான் அருகே போய் நின்று, "கோமதீ" என்று கூப்பிட்டேன். மெதுவாக அல்ல. துக்க வீடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அந்தப் பெயரை முன்னும் பின்னும் எதுவும் சேர்க்காமல் சொல்ல இந்த ஊரில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். ஜெயித்த அன்று, அருவிக்குக் கீழே நின்று, அவளே எனக்குக் கொடுத்த உரிமை அது. வேறு எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அதை மட்டும் வைத்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் சத்தமாகவே சொல்கிறேன்.